தெ கியேரோ… ஒரு நிமிடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், 65 வயதுக்குக் குறையாத ஓர் அம்மாவிடம் நேராகப் போய் நின்று, "உன்னை நேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்ல நினைத்தது அது இல்லை. பேருந்தில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம், "தெ கியேரோ இன்விதார் அ பைலார்". உன்னை ஆட அழைக்க விரும்புகிறேன் என்று அர்த்தம். இலக்கணத்தில் ஒரு பழுதும் இல்லை. என்ன, "தெ கியேரோ" வரைக்கும் வந்தவுடன் அடுத்த சொல் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஸ்பானிஷில் "தெ கியேரோ" என்று சொல்லி நிறுத்தினால் அதுவே முழு வாக்கியம். அம்மா பிள்ளையிடம் சொல்வது, தோழி தோழியிடம் சொல்வது, புதிதாகக் காதலிக்கிறவர்கள் பேருந்து நிறுத்தத்தில் சொல்லிக்கொள்வது. முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வதில்லை. அதிலும் அந்த "தெ" என்பது நம் "உன்னை". அம்மா வயதுக்காரரை நீ என்று கூப்பிட்டு, அதற்கு மேல் இதையும் சொல்லியிருக்கிறேன்.

அவர் கையில் இருந்த விசிறியை மடக்கினார். "தான் ராப்பிதோ, மிஹோ?" என்றார்.

இவ்வளவு சீக்கிரமாவா, தம்பி?

மேசையில் இருந்த மற்ற மூன்று அம்மாக்களும் சிரித்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை.

இது நடந்த ஊர் காலி. பெயரில் மட்டும்தான் காலி. இலங்கையிலும் ஒரு காலி உண்டு, இது அது இல்லை. கொலம்பியாவின் தென்மேற்கில், சல்சா ஆட்டத்தின் உலகத் தலைநகரம் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட ஊர். அந்தப் பட்டத்தோடு யாரும் சண்டைக்குப் போவதாகவும் தெரியவில்லை. நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு வியேஹோத்தேகா என்று பெயர். வியேஹோ என்றால் வயதானவர். டிஸ்கோதேகாவின் வாலை வெட்டி அதில் ஒட்டியிருக்கிறார்கள். 1990களில் முதியவர்கள் பகல் வேளையில் வந்து பழைய பாட்டுக்கு ஆடிப் போகட்டும் என்று தொடங்கிய கூடங்கள். அப்புறம் நல்ல பாட்டு அங்கேதான் போடுகிறார்கள் என்று தெரிந்து இளசுகளும் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாக கொலம்பியாவின் தலைநகரான பொகொத்தாவில் இரண்டு வருடம் இருந்தேன். கடல் மட்டத்துக்கு 2,600 மீட்டர் மேலே, எந்நேரமும் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு திரிய வேண்டிய ஊர். சாயங்காலம் செய்ய ஒன்றும் இல்லாததால் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே "கெரேர்" என்ற வினை வந்தது. விரும்புதல், வேண்டுதல்.

கியேரோ என்றால் நான் விரும்புகிறேன். கியேரெஸ், நீ. கியேரெ, அவர். கியேரென், அவர்கள். நாங்கள் என்று வந்தால் மட்டும் கெரேமோஸ். நடுவில் இருந்த "இயே" காணாமல் போய்விடும். பலகையில் எழுதி, மாறுகிற நான்கு வடிவங்களையும் சுற்றிக் கோடு இழுத்தால் ஒரு பூட்ஸ் உருவம் வரும். ஆசிரியை அதை வரைந்துவிட்டு, இனி மறக்காது என்றார். பூட்ஸ் மறக்கவில்லை, உண்மைதான். வடிவங்களைத்தான் மறந்தேன்.

எனக்குச் சிக்கல் இந்த மாற்றத்தில் இல்லை. "நான்" என்பதில் இருந்தது. தமிழில் யோசித்துப் பாருங்கள். எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும். ஆள் மாறினாலும் வேண்டும் மாறுவதில்லை. அந்த வாக்கியத்துக்குள் "நான்" கிடையவே கிடையாது, "எனக்கு"தான். பசி, தூக்கம், கோபம், ஆசை எல்லாம் நமக்கு வருகிறவை. வெயில் அடிக்கிற மாதிரி, மழை பெய்கிற மாதிரி. நாம் அவற்றைச் செய்வதில்லை, அதனால் அவற்றுக்கு நாம் பொறுப்பும் இல்லை. "விரும்புகிறேன்" இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். காலையில் அடுக்களையைப் பார்த்து "நான் காபி விரும்புகிறேன்" என்று எந்த வீட்டில் யார் சொல்கிறார்கள்?

கியேரோ அப்படி இல்லை. அந்த ஓகாரத்தில் நான் நிற்கிறேன். ஆசை என்னுடையது, செய்கிறவன் நான். இலக்கணம்தான், ஆனால் வாயைத் திறந்து சொல்லும்போது சட்டையைப் பிடித்து முன்னால் நிறுத்திய மாதிரி இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக, அடுத்த பாடத்தில் நான்தான் வகுப்பில் முதல். "மே குஸ்தா எல் கஃபே". எனக்குக் காபி பிடிக்கும். சொல்லுக்குச் சொல் தமிழ். மே என்பது எனக்கு, காபி எழுவாய். என் பக்கத்தில் இருந்த கனடாக்காரர் இதில் மூன்று வாரம் தவித்தார். நான் காபியை அல்லவா விரும்புகிறேன், காபி எப்படி எனக்குப் பிடிக்கும் என்று அவருக்கு வாதம். "மே துவேலெ ல கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. இதுவும் நம் வீட்டுப் பாட்டிகள் பேசுகிற இலக்கணம். ஆக, ஸ்பானிஷுக்கு "எனக்கு" தெரியும். கெரேர் வரும் இடத்தில்தான் பிடிவாதமாக "நான்" என்று நிற்கிறது.

இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் லத்தீனில் குவெரெரே. அதற்குத் தேடுதல், கேட்டல் என்று பொருள். தேடுகிற சொல், கேட்கிற சொல், பின்னால் விரும்புகிற சொல்லாகி, ஸ்பானிஷில் நேசிக்கிற சொல்லாகவும் ஆகிவிட்டது. நம் வேண்டுதலும் இதே தெருதான். கோயிலில் செய்வதும் வேண்டுதல், கடிதத்தில் எழுதுவது வேண்டுகோள், கடையில் கேட்பது "என்ன வேணும்?". கேட்பதற்கும் விரும்புவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிப்பது நாம் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சரி, வகுப்புக்கு வெளியே வருவோம். அலுவலகத்துக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை. தினமும் போய் "கியேரோ உன் தின்தோ" என்பேன். ஸ்பெயினில் தின்தோ என்றால் சிவப்பு வைன். கொலம்பியாவில் பால் சேர்க்காத காபி. கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் கோப்பையை நகர்த்துவார். மற்றவர்களிடம் சிரிப்பவர் என்னிடம் மட்டும் ஏன் இப்படி என்று உடன் வேலை செய்கிறவரிடம் கேட்டேன். "நீ ஐந்து வயசுப் பையன் அடம்பிடிக்கிற மாதிரி கேட்கிறாய்" என்றார். அங்கே வழக்கம், "மே ரெகாலா உன் தின்தோ, போர் ஃபவோர்?" நேர்ப்பொருள் பார்த்தால், எனக்கு ஒரு காபி பரிசாகத் தருகிறீர்களா? பரிசு ஒன்றும் கிடையாது, காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். முதல் நாள் இதைச் சொல்லிவிட்டு, காசை நீட்டுவது அவரை அவமதிப்பதாகுமோ என்று சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றேன். அவர்தான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். சிரித்துக்கொண்டே.

நாம் மட்டும் என்ன, "ஒரு காபி கிடைக்குமா?" என்றுதானே கேட்கிறோம். காபிக்கடையில் காபி கிடைக்காமல் பின்னே என்ன கிடைக்கும்?

இன்னொரு நாள் வீட்டுக்கார அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அஹியாக்கோ என்று ஒரு சூப். மூன்று வகை உருளைக்கிழங்கு, கோழி, மக்காச்சோளம், குவாஸ்காஸ் என்ற இலை. கிண்ணம் காலியானதும் கரண்டியோடு வந்தார். வயிறு நிறைந்திருந்தது. வேண்டாம் என்பதை அப்படியே மொழிபெயர்த்து "நோ கியேரோ மாஸ்" என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. நம் "வேண்டாம்" இலை மேல் கையை விரிப்பது மாதிரி. பரிமாறுகிறவருக்கு அதில் வருத்தம் இல்லை. இன்னும் ஒரு கரண்டி ஊற்றத்தான் வருவார். "நோ கியேரோ" அப்படி இல்லை. மறுப்பதற்கென்று ஓர் ஆள் எழுந்து நிற்கிறான் அதில். கடந்த காலத்துக்குப் போனால் இன்னும் மோசம்: "நோ கிஸெ" என்றால் விரும்பவில்லை என்பதோடு முடியாது, மாட்டேன் என்று மறுத்துவிட்டேன் என்றே ஆகிவிடும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது "அஸி எஸ்தா பியென், கிராசியாஸ்". இப்படியே போதும், நன்றி.

அந்த அம்மாவே பிறகு ஒரு நாள் எனக்கு மிகப் பிடித்த சொல்லைத் தந்தார். "கே லெ ப்ரொவோக்கா?" என்று கேட்டார். உங்களுக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறது? கொலம்பியாவிலும் பெருவிலும் வெனிசுவேலாவிலும் இப்படிக் கேட்பார்கள். மெக்சிகோவில் இதற்கு "ஸே மே அந்தோஹா" என்பார்கள். மசக்கைக்காரிக்கு நடுராத்திரியில் மாங்காய் கேட்குமே, அந்த ஆசைக்கும் அங்கே அந்தோஹோதான். இரண்டிலும் ஆசை தானாக வருகிறது, நான் வெறுமனே அது வந்து இறங்குகிற இடம். "மே ப்ரொவோக்கா" என்று முதல் தடவை சொன்னபோது, இரண்டு மாதம் அந்நியர் வீட்டில் கால் நீட்டாமல் உட்கார்ந்திருந்தவனுக்குப் பாய் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒருவரை ஆட அழைக்க அந்தப் பாய் உதவாது. எனக்கு ஆடத் தோன்றுகிறது என்று எதிரில் நின்று அறிவித்தால், தோன்றட்டுமே, அதற்கு நான் என்ன செய்ய என்றுதான் பார்ப்பார்கள். அங்கே கியேரோ தேவைப்படும் என்று நினைத்துத்தான் அந்த வாக்கியத்தை உருப்போட்டேன்.

திங்கள்கிழமை விடுமுறையோடு சேர்ந்து வரும் வாரக்கடைசிக்குக் கொலம்பியாவில் புவென்தே, அதாவது பாலம், என்று பெயர். அப்படி ஒரு பாலத்தில் இரவுப் பேருந்து ஏறி, மலை ஏறி இறங்கி, காலையில் காலி. பொகொத்தா குளிர் எலும்பில் இருந்து வடிந்து போவது தெரிந்தது. மதியத்துக்கு மேல் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். நம் கடலோர ஊர்களில் கடற்காற்றுக்குக் காத்திருப்பது போல, அதற்காகக் காலிக்காரர்கள் காத்திருப்பார்கள்.

அவர்களுடைய சல்சாவில் உடம்பின் மேல்பாதி ஏறக்குறைய சும்மா இருக்கும். கால் மட்டும் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடும். இதற்கு ஊரில் சொல்கிற காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டுகளை அந்தக் காலத்தில் 45 வேகத்தில் வைத்து ஓட்டினார்களாம். நியூயார்க்கிலிருந்து வந்த பாட்டு மெதுவாக இருக்கிறது, இதற்கு எப்படி ஆடுவது என்று. பாட்டை மாற்றவில்லை, தட்டின் வேகத்தை மாற்றினார்கள், கால்கள் அதைத் துரத்திப் பிடித்தன. வியேஹோத்தேகாவில் இன்றும் ஆடாதவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வீட்டிலிருந்து மணியும், மராக்காஸ் என்கிற கிலுகிலுப்பையும் கொண்டு வந்து, ஒலிக்கிற இசைத்தட்டோடு சேர்ந்து தாளம் போடுகிறார்கள்.

அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கவனித்ததில் ஒன்று புரிந்தது. பாடப் புத்தகத்தில் இருக்கிற "கியேரெஸ் பைலார் கொன்மீகோ?", என்னோடு ஆட விரும்புகிறாயா, என்ற கேள்வியை அந்தக் கூடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பாட்டு போய்விடும். சிலர் கையை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான். மிக வயதான ஒருவர், கறுப்பு வெள்ளைச் செருப்புக்காரர், லேசாகக் குனிந்து "மே கொன்ஸெதெ எஸ்தா பியேஸா?" என்றார். இந்தப் பாட்டை எனக்கு அருள்வீர்களா? மற்ற எல்லோருக்கும் ஒரே சொல். "பைலாமோஸ்?"

பைலாமோஸ் என்றால் நாம் ஆடுகிறோம். அதைக் கேள்வித் தொனியில் இழுத்தால் ஆடலாமா. நம் "ஆடலாமா" போலவே அதிலும் நான் இல்லை, நீ இல்லை, விருப்பம் இல்லை, வேண்டுதல் இல்லை. கேட்கும்போதே இரண்டு பேரும் "நாம்" ஆகியிருக்கிறார்கள். பதில் மட்டும்தான் பாக்கி. கெரேர் வினையின் பூட்ஸோடு நான் மல்லுக்கட்டிய அத்தனை வாரமும் இந்த ஒரு சொல்லை யாரும் சொல்லித் தரவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

மறுப்புக்கும் அங்கே நளினம் உண்டு. "அஹோரித்தா" என்பார்கள். அகராதியில் இப்போதே என்று போட்டிருக்கும். கொலம்பியாவில் அது அப்புறம், இன்னும் கொஞ்ச நேரத்தில், ஒருவேளை அடுத்த ஜன்மத்தில் என்று எதுவாகவும் இருக்கலாம். பந்தியில் கூப்பிட்டால் "இதோ வரேன், நீங்க உட்காருங்க" என்போமே, அந்த இதோ.

இவ்வளவையும் கவனித்துவிட்டு, நானே எழுந்துபோய்ச் சொன்னது என்ன? பேருந்தில் மனப்பாடம் செய்ததைத்தான். பயம் வந்தால் வாய் பழைய பாடத்துக்கே ஓடுகிறது.

அந்த அம்மா என்னை விடவில்லை. எழுந்து, விசிறியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோனார். முதல் சுற்றிலேயே "நோ கொந்தேஸ்" என்றார். எண்ணாதே. என் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைந்துகொண்டிருந்திருக்கிறது, அதுவும் தமிழில். இரண்டாவது பாட்டில் என் வாக்கியத்தையும் திருத்தினார். அந்தத் "தெ"யை முன்னால் வைக்காதே, பின்னால் கொண்டுபோய் ஒட்டு. பெரியவர்கள் என்றால் "லா" போடு. "கியேரோ இன்விதார்லா அ பைலார்." இப்போது எங்கே வேண்டுமானாலும் மூச்சு விடலாம், எவரும் பயப்பட மாட்டார்கள்.

ஓர் ஒட்டுச் சொல் முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். திக்காமல் பேசுகிறவர்களுக்கு ஒன்றுதான்.

இன்னொன்றும் அவரிடம்தான் காதில் ஏறியது. "கியேரோ கே பைலெஸ், நோ கே கமினெஸ்." நீ ஆடணும், நடக்கக் கூடாது. என் ஆசை என்னோடு முடிந்தால் கியேரோ பைலார், வினைக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆசை அடுத்தவரைத் தொட்டுவிட்டால் நடுவில் "கே" வந்து உட்காரும், பைலாஸ் பைலெஸ் ஆகும். அவர் ஆடுவது இன்னும் நடக்காத காரியம், ஆடாமலும் போகலாம். அதனால் வினைச்சொல் வேறு சட்டை மாற்றிக்கொள்கிறது. புத்தகத்தில் இதற்கு நாற்பது பக்கம். ஒரு சுழற்சியில் முடிந்தது.

அடுத்த வருடம் வேலையாக மூன்று வாரம் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் ஐரெஸ் போனேன். காலியில் தேறிய தைரியத்தில் ஓர் இரவு மிலோங்காவுக்குப் போனேன். மிலோங்கா என்றால் டாங்கோ ஆடக் கூடுகிற இடம். டாங்கோவை 2009ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. ஆனால் நான் போன இடம் ஒரு பேட்டைக் கிளப், தரையில் கூடைப்பந்துக் கோடு தெரிந்தது. அர்ஜென்டினாவில் "நீ"க்கு தூ கிடையாது, வோஸ். வோஸோடு வந்தால் கியேரெஸ் இல்லை, கெரேஸ். பூட்ஸ் தொல்லை அங்கே பாதி தீர்ந்தது. பெருமையாக ஒரு மேசைக்குப் போய், "கெரேஸ் பைலார்?" என்றேன். அந்தப் பெண் தன் கண்ணாடித் தம்ளரைப் பார்த்தார். தம்ளரில் தண்ணீர்தான் இருந்தது. தொடர்ந்து பார்த்தார்.

திரும்பி வந்ததும் என் மேசையில் இருந்த பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார். இங்கே யாரும் நடந்துபோய்க் கேட்பதில்லை. இருந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும். அது மிராதா. அவரும் பார்த்தால் தலையை லேசாக அசைக்க வேண்டும். அது கபெசேயோ. அவரும் தலையசைத்தால் எழுந்துபோகலாம். பார்வையைத் திருப்பிக்கொண்டால் முடிந்தது, கேட்டதும் மறுத்ததும் யாருக்கும் தெரியாது. "நீ போய் எதிரில் நின்றால், மாட்டேன் என்று சொல்கிற பாரத்தை அவர் தலையில் வைக்கிறாய்" என்றார். இப்போது யாரும் யாரையும் வாயால் அழைக்கிற மிலோங்காக்களும் உண்டு. இது பழைய முறை.

எனக்கு அந்த ஏற்பாடு நிஜமாகவே பிடித்தது. கியேரோவும் இல்லை, ப்ரொவோக்காவும் இல்லை, பைலாமோஸும் இல்லை. வாயே தேவையில்லை. வினைச்சொற்களால் இத்தனை அடிபட்டவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எதிர்ச் சுவரோரம் பச்சை உடையில் ஒருவர். பார்த்தேன். பார்த்தார். தலையசைத்தேன். அவர் முகத்தில் ஒரு குழப்பம். பார்வை விலகிப் போய்விட்டது. அடுத்த பாட்டுக் கட்டிலும் அதே கதை. பெரியவர் என் பக்கம் திரும்பி, "ஏன் வேண்டாம் என்கிறாய்?" என்றார். நான் எங்கே வேண்டாம் என்றேன்? செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். நான் ஆட்டியது நம் ஊர் "சரி". இடமும் வலமுமாக, தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி. அங்கே அதற்கு இல்லை என்றோ, கழுத்து வலி என்றோதான் பொருள். முகவாயை மேலும் கீழுமாக, ஒரே தடவை, விரல் அளவு. அதைப் பழக நான் கழிவறைக் கண்ணாடி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

நள்ளிரவு தாண்டியது. மிலோங்காவில் பாட்டுகள் கட்டுக்கட்டாக வரும். ஒரு கட்டுக்கு தாண்டா என்று பெயர், டாங்கோ என்றால் பெரும்பாலும் நான்கு பாட்டு. கட்டுக்கு நடுவே கொர்தினா, அதாவது திரை என்று சம்பந்தமில்லாத ஓர் இசைத்துண்டு போடுவார்கள், எல்லோரும் தரையைவிட்டு விலகுவார்கள். அப்படி ஒரு திரை முடிந்ததும் பச்சை உடைக்காரரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முகவாய், ஒரே தடவை, விரல் அளவு. அவரும்.

எழுந்து, ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாகச் சுற்றிப்போய் அவர் முன்னால் நின்றேன். எழுந்தார். மூன்று நிமிடம், எண்ணாமல், யாரையும் இடிக்காமல், கூட்டத்தோடு சேர்ந்து இடப்பக்கமாகச் சுற்றி வந்தோம். பாட்டு முடிந்தது. நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. பொகொத்தாவில்தான் அந்தப் பழக்கம் தொற்றியது, ரொட்டிக்கடையில், லிஃப்டில், பேருந்தில் இறங்கும்போது. அந்தப் பழக்கத்தில் மனநிறைவோடு, "கிராசியாஸ்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தலையசைத்துவிட்டுத் தன் நாற்காலிக்கு நடந்தார். நான் புரியாமல் என் மேசைக்குத் திரும்பி வந்தேன். பெரியவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிலோங்காவில் நடுவில் நன்றி சொன்னால் போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்று அர்த்தமாம்.

அந்தக் கட்டில் இன்னும் மூன்று பாட்டு மிச்சம் இருந்தது.